குதிரைக்காரரும் கதைக்காரரும்

ஓசூர்த் தாலுகாவில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, மத்திகிரிப் பண்ணை. 1824-ல் கும்பெனிப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஏற்பட்டது. பிற்பாடு மாட்டுப் பண்ணையாயிற்று. மற்றது, தொரப்பள்ளி கிராமம். 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். 1965-ல் தர்மபுரி ஜில்லா உண்டானபோது இரண்டும் அதில் சேர்ந்தன. 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி ஜில்லாவுக்குப் போய்விட்டன. குதிரைக்கும் ராஜாஜிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லைதான். ஆனாலும், சென்னையில் ஒரு பத்திரிகாசிரியர் வேலையை உதறிவிட்டுப் போன சமாசாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகின்றன.

பத்திரிகை, ஆனந்த விகடன். போனவர், கல்கி. வருஷம் 1941.

விகடனின் சொந்தக்காரர் எஸ். எஸ். வாசனுக்குக் குதிரைப் பந்தயத்தில் மோகம் அதிகம். சொந்தத்தில் பந்தயக் குதிரைகளே வைத்திருந்தார். அவருடைய ஜெமினி ஸ்டூடியோவுக்குப் பெயர் வந்தது ஒரு குதிரையின் பெயரிலிருந்துதான் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. 1928-ல் அவர் விகடனை வாங்கியதும், எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார் என்று ஒரு கதையாக உலவுகிறது. கதை எப்படியிருந்தாலும் மனிதர் துணிந்து பணம் கட்டுகிறவர். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறவர். கல்கியை அப்படித்தான் பிடித்தார்.

கல்கியோ ராஜாஜியின் கைப்பிள்ளை. படிப்பை விட்டு ஒத்துழையாமையில் குதித்து 1922-லேயே சிறை பார்த்தவர். திரு. வி. க.வின் நவசக்தியில் எழுதக் கற்றுக்கொண்டு, 1928-ல் அதை விட்டுத் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போனார். அங்கே ராஜாஜி நடத்திய விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்கு உழைத்தார். திருச்செங்கோடு, தர்மபுரி, ஓசூர் எல்லாம் அப்போது ஒரே சேலம் ஜில்லாதான். 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்ததும் அந்த ஜில்லாவில்தான். கள்ளுக்கடையை மூடச்சொல்லிக் கதை எழுதிய பேனா, அதற்குள் விகடனில் தமிழ்நாட்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது. கர்நாடகம் என்ற பெயரில் அவர் எழுதிய ஆடல் பாடல் விமரிசனங்களைப் பார்த்து வித்வான்கள் நடுங்கினார்கள். தியாகபூமி தொடராக வந்து, 1939-ல் படமாகவும் ஓடியது.

இப்படிப்பட்ட ஜோடி ஏன் பிரிந்தது? ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிகமாகச் சொல்லப்படுவது தனிநபர் சத்தியாக்கிரகம். 1940-ல் காந்திஜி அதை ஆரம்பித்தார். கல்கி சிறைக்குப் போக விரும்பினார். வாசனுக்கு அது சம்மதமில்லை. கல்கி போனார். மூன்று மாதம் சிறை.

இதில் வாசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. யுத்தகாலம், சர்க்கார் பத்திரிகைகளைப் பார்த்த பார்வையில் கருணை கிடையாது. நூறு குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி தம்முடைய முதல்தரக் குதிரையைப் பந்தயத்துக்கு முதல் நாள் லாயத்திலிருந்து அவிழ்த்துவிடுவாரா? கல்கி பக்கமும் நியாயம் உண்டு: அவர் குதிரை அல்ல. விகடனில் எழுதிக்கொண்டிருந்த பத்து வருஷமும் ஆசிரமத்துக்காரர்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார். வாசன் சம்பளம் கொடுத்தது வெளியே இருந்தவருக்கு.

சிறையிலிருந்து வந்தவர் விகடனுக்குத் திரும்பவில்லை. விகடனில் அவரோடு வேலை பார்த்த சதாசிவமும் கூடச் சேர்ந்தார். முதலுக்காக எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக வேஷம் போட்டார். 1941 ஆகஸ்டு 1-ந் தேதி கல்கி பத்திரிகை வெளிவந்தது. சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் எல்லாம் அதில் வந்தவைதான். விகடனும் படுத்துவிடவில்லை; தேவன் வந்து சாம்புவைத் துப்பறிய விட்டார். வாசன் அடுத்த பந்தயத்தை சினிமாவில் கட்டி, 1948-ல் சந்திரலேகாவை ஜெயிக்கவைத்தார்.

1954-ல் கல்கியும் 1969-ல் வாசனும் காலமானார்கள். 1974-ல் தமிழக சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. அதன் ஞாபகார்த்தமாக, குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடித்து நிற்கிற சிலையையும் வைத்தார்கள். எங்கே தெரியுமா? ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்துக்குப் பக்கத்திலே, மேம்பாலத்தடியில். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓடின. சிலை மட்டும் கடிவாளத்தை விடவில்லை.