பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேங்க் கசிவைக் கண்டறிதல்

மோட்டார் சைக்கிளின் டேங்க்கிலிருந்தோ, அதைச் சேர்ந்த மூடி, பெட்ரோலைத் திறந்து அடைக்கும் டேப், ரப்பர் டியூப் ஆகியவற்றிலிருந்தோ பெட்ரோல் வெளியேறுவதைப் பொதுவாக ‘டேங்க் ஒழுகல்’ என்கிறோம். ஆனால் அப்படிச் சொல்லிப் பட்டறைக்கு வரும் வண்டிகள் எல்லாவற்றிலும் டேங்க் ஓட்டையாகியிருப்பதில்லை. பெட்ரோல் மெல்லிய திரவம். தகட்டை ஒட்டியே வழுக்கிச் சென்று, தாழ்ந்த ஒரு விளிம்பிலோ போல்ட் தலையிலோ திரண்டு, அங்கிருந்துதான் சொட்டும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இந்த வேறுபாட்டைப் பாராமல் சொட்டும் இடத்தில் எம்-சீல் பசையை அப்பிவிட்டுப் போவதால் வீணாகும் டேங்க்குகள் பல.

இக்கட்டுரை கார்பரேட்டர் காலத்து வண்டிகளைப் பற்றியது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்த பின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு கொண்டவை. அவற்றின் டேங்க்குக்குள் பம்ப் இருப்பதால் சோதனை முறையும் மாறும். இங்கே பேசப்படுவது புல்லட் 350, மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற தலைமுறை.

டேங்க்கின் அமைப்பு

பழைய டேங்க் அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை விளிம்போடு விளிம்பு பற்றவைத்துச் செய்யப்பட்டது. சட்டத்தின் முதுகுக் குழாய்மேல் அமர வேண்டும் என்பதால் அடிப்பக்கம் குதிரைச் சேணம்போல் நடுவில் குடைவாக இருக்கும். ஆகவே டேங்க்குக்கு இடமும் வலமுமாக இரண்டு தொங்கு பைகள் உண்டு. டேப் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், மறுபக்கப் பையின் அடியில் தங்குவது வழக்கமான ஓட்டத்தில் முழுதாக வடிவதே இல்லை. பெட்ரோலின் அடர்த்தி நீரில் ஏறக்குறைய முக்கால் பங்கு. உள்ளே புகுந்த நீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாதி காலியாக நிற்கும் டேங்க்கின் மேற்பகுதியிலுள்ள காற்று இரவில் குளிரும்போது, அதன் ஈரமும் வியர்த்து அங்கேதான் சேரும். துரு பெரும்பாலும் அந்த டேப் இல்லாத பையின் பின்மூலையிலிருந்துதான் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். தகடு உள்ளிருந்து அரிக்கப்பட்டு வரும்.

புல்லட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் இவ்வண்டியைச் செய்தது. அதன் டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் தூரிகை பிடித்துக் கையால் தீட்டப்பட்டவை. பற்றவைக்கும் நெருப்பு பட்டால் அந்தக் கோடு போயிற்று. எனவே எங்கே கசிகிறது, எவ்வளவு தகடு கெட்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அந்த டேங்க்கில் கைவைப்பது பெரிய இழப்பு.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, சில அடி தள்ளியிருக்கும் அடுப்பையோ ஸ்விட்சையோ தேடிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரிலும் பற்றும் அளவுக்கு ஆவியாகும் பொருள் இது. நம்மூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். சோதனையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். எஞ்சினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வயர் நீட்டிய குண்டு பல்பைத் தொங்கவிட்டு வேலை செய்வதை அடியோடு விட வேண்டும். கை தவறி பல்பு உடைந்தால் அந்த ஒரு கணமே போதும். டியூபை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் பழக்கமும் கொடியது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் மருத்துவமனையில்தான் போய் நிற்கும்.

வடித்துவிட்ட டேங்க் பாதுகாப்பானது என்பது தவறான நம்பிக்கை. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

டேங்க்கா, டேப்பா, கார்பரேட்டரா?

முதல் கேள்வி இதுதான். விடையும் எளிதில் கிடைக்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, எல்லாப் பக்கமும் துணியால் துடைத்துக் காயவிட்டு, டேப்பை ஆஃப் செய்து அரை மணி நேரம் விட வேண்டும். ஒழுகல் நின்றுவிட்டால் குற்றம் டேப்புக்குக் கீழே: ரப்பர் டியூப், அதன் கிளிப், அல்லது கார்பரேட்டர். கார்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சொட்டினால், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் தேய்ந்திருக்கும், அதன் இருக்கையில் தூசி அடைத்திருக்கும், அல்லது பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து அதற்குள் பெட்ரோல் புகுந்திருக்கும். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கினாலே தெரிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நீடிலைக் கெடுத்த தூசி பெரும்பாலும் டேங்க்கிலிருந்து வந்த துரு. கார்பரேட்டரைக் கழுவி மாட்டியும் மாதமொரு முறை அதே கோளாறு திரும்பினால், அது டேங்க் விரைவில் ஓட்டையாகப் போவதன் முன்னறிவிப்பு.

டேப் ஆஃபில் இருந்தும் ஒழுகினால், டேப்பையும் டேங்க்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டேப் மூன்று விதமாகக் கெடும். டேங்க்கோடு சேரும் இடத்திலுள்ள வாஷர் நைந்து கசிவது ஒன்று. கைப்பிடியைச் சுற்றிக் கசிவது இன்னொன்று. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: வெளியே ஒரு சொட்டும் வராது, ஆனால் ஆஃப் நிலையிலும் உள்ளே அடைக்காது. அப்போது நீடிலும் லேசாகக் கசிந்தால் இரவு முழுதும் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தாலோ, டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். டியூபைக் கார்பரேட்டரிலிருந்து கழற்றி, நுனியைப் பாட்டிலில் விட்டு, டேப்பை ஆஃபில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தால் உண்மை தெரியும். பழைய பிரிட்டிஷ் பாணி டேப்புகளில் அடைப்பான் தக்கையால் ஆனது. வண்டி மாதக்கணக்கில் காய்ந்து நின்றால் தக்கை சுருங்கி ஒழுகும். பெட்ரோலில் ஊறினால் சில சமயம் தானே சரியாகும்.

மூடி வழியே வழிதல்

வெயிலில் நிறுத்தினால் மட்டும் மேலிருந்து வழிகிறது என்றால் ஓட்டையைத் தேட வேண்டியதில்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் விரியும். நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியோடு கழுத்துவரை நிரப்பிய 13 லிட்டர், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் கூடும். அது போக இடமில்லாமல் மூடி வழியே வரும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிக் கெட்டியாகியிருந்தால் இன்னும் விரைவாக வரும். வழிந்தது பெயிண்டின் மேல் ஓடி அடிவிளிம்பில் சொட்டுவதால் டேங்க் ஓட்டை என்று தோன்றும்.

கசிவின் தடயங்கள்

சிறிய கசிவு சொட்டுவதே இல்லை. வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். காலையில் வீட்டுக்குள் பெட்ரோல் வாடை, காரணமில்லாமல் குறைந்த மைலேஜ், டேங்க்கின் அடியில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறை, இவைதான் அடையாளம். கறை என்பது பெட்ரோல் காய்ந்தபின் எஞ்சும் பிசின். ஆயிலை பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் ராஜ்தூத், யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த வேலை எளிது. பெட்ரோல் பறந்துபோனாலும் ஆயில் தங்கி, தூசியைப் பிடித்துக் கறுப்புத் தடமாகக் காட்டிக்கொடுக்கும். பெயிண்டில் அரிசி அளவு கொப்புளம் எழும்பி, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால், அதற்கடியில் ஊசித்துளை இருக்கக்கூடும்.

தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. தொங்கு பைகளின் பின்மூலை, அடித்தகடு சேரும் விளிம்பு, டேப் திருகும் வாய், டேங்க்கைச் சட்டத்தோடு பிடிக்கும் பட்டையின் பற்றுவாய். ரப்பர் புஷ் தேய்ந்து உலோகம் உலோகத்தோடு உரசும் வண்டியில், ஒற்றை சிலிண்டரின் அதிர்வு முழுவதும் அந்தப் பட்டையில் இறங்கி அதன் ஓரத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். நின்றால் ஒழுகாது, ஓடினால் மட்டும் ஒழுகும் என்று சொல்லப்படும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அது. நடுக்குடைவில் கேபிளோ வயர்க் கட்டோ உரசித் தகட்டைத் தேய்த்திருப்பதும் உண்டு. டேங்க்கைக் கழற்றாமல் அது தெரியாது.

பெட்ரோல் மட்டமும் சாட்சி சொல்லும். நிரப்பியதும் ஒழுகி, பாதி குறைந்ததும் நின்றுவிட்டால் துளை அந்த மட்டத்துக்கு மேலே. சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் மட்டும் ஒழுகினால் துளை இடப்பக்கம்.

உறுதி செய்யும் சோதனை

டேங்க்கைக் கழற்றி வடித்து, நீரும் சோப்பும் விட்டுப் பலமுறை அலசிக் காயவைத்தபின் சோதனை தொடங்கும். வெறும் தண்ணீரை நிரப்பிப் பார்த்து, ‘ஒழுகவில்லை’ என்று முடிவுகட்டுவதுதான் பட்டறைகளில் நடக்கும் முதன்மையான தவறு. தண்ணீரின் பரப்பு இழுவிசை பெட்ரோலைப்போல் மூன்று மடங்குக்கு மேல். தண்ணீர் நுழையாத துளையில் பெட்ரோல் தாராளமாக நுழையும்.

இதற்கு நம்பகமான பழைய முறை சுண்ணமும் மண்ணெண்ணெயும். வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளை நீரில் குழைத்து மெல்லப் பூசிக் காயவிட வேண்டும். உள்ளே சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, டேங்க்கை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து ஒவ்வொரு நிலையிலும் சில மணி நேரம் வைக்க வேண்டும். துளை உள்ள இடத்தில் வெள்ளைப் பூச்சில் ஈரப்புள்ளி தோன்றி மெல்லப் பரவும். வழிந்து ஓடுமுன்பே பிறந்த இடம் தெரிவதுதான் இதன் சிறப்பு. மண்ணெண்ணெயும் எரியும் பொருளே. ஆனால் பெட்ரோல்போல் அறை வெப்பத்தில் ஆவியாகிப் பாயாது.

காற்றடித்துச் சோப்பு நுரை பார்க்கும் முறை விரைவானது, ஆனால் ஆபத்து உண்டு. டேங்க் அழுத்தம் தாங்கச் செய்த கலம் அல்ல. 600 சதுர சென்டிமீட்டர் பக்கத் தகட்டில் ஒரே ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் என்பதே 42 கிலோ எடை ஏற்றியதற்குச் சமம். கம்ப்ரசரைத் திறந்துவிட்டால் பக்கங்கள் பலூன்போல் உப்பி, நன்றாக இருந்த ஜாயிண்டும் விட்டுப்போகும். சைக்கிள் பம்பால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போதும்.

எத்தனாலும் துருவும்

2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓரளவு நீரைக் கரைத்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். பழைய வண்டியின் ரப்பர் வளையங்களும் சிலவகை உட்பூச்சுகளும் எத்தனாலில் உப்பவோ இளகவோ செய்யும். மேலும், காலங்காலமாக ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்பது பல சமயம் துருவேதான். துருவை நீக்க டேங்க்கை அமிலம் விட்டுக் கழுவிய மறுநாள் நான்கைந்து இடத்தில் ஒழுகினால் கழுவியவரைக் குறை சொல்லக் கூடாது. அந்தத் துளைகள் முன்பே இருந்தவை.

கண்டறிந்த பின்

துளை ஒன்றா, தகடே போயிற்றா என்பதுதான் அடுத்த முடிவைத் தீர்மானிக்கும். துளையைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி, கூர்முனைக் கம்பியால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டித் தகடு தாங்கும்; மெலிந்தது குழியும். ஒற்றைத் துளைக்கும் விரிசலுக்கும் ஈயப்பற்றோ பித்தளைப் பற்றோ போதும். சல்லடைபோல் ஆன அடித்தகட்டுக்குப் புதுத் தகடுதான் வழி. வெல்டிங் செய்யுமுன் நன்றாக அலசி, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே இருக்குமாறு தண்ணீர் நிரப்புவது வழக்கம். பழக்கப்பட்ட கைகள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. வழியில் ஒழுகினால் குளியல் சோப்பைப் பிசைந்து துளையில் அழுத்தலாம். சோப்பு பெட்ரோலில் கரையாததால் பட்டறை சேரும்வரை தாங்கும்.

பழுது முடிந்ததும் அதே சுண்ண–மண்ணெண்ணெய் சோதனையை ஓர் இரவு முழுதும் திரும்பச் செய்ய வேண்டும். பட்டியும் பெயிண்டும் பொன்கோடும் அதற்குப் பிறகுதான்.