ஊசல் விட்டுச்சென்ற கணக்கு: பழவேற்காட்டு மருந்து முதல் பவர் ஃபேக்டர் வரை

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில் வரலாற்றைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து தொடங்கினால் போதாது. அங்கிருந்து கிழக்கே, கடலோரத்தில் பழவேற்காடு இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் அவர்கள் நடத்திய வெடிமருந்துப் பட்டறை, கீழைத் தீவுகளில் இருந்த அவர்களுடைய தளங்களுக்கும் மருந்து அனுப்பியது. மருந்தின் தரத்தை அறிய அக்கால ஐரோப்பியர் அதைச் சிறு பீரங்கியில் அளந்து இட்டுச் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்த்தார்கள். குண்டின் வேகத்தை நேரடியாக அளக்க நல்ல வழி இருக்கவில்லை.

அந்த வழியை 1742இல் தம் பீரங்கியியல் நூலில் தந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் கனத்த பலகையில் குண்டு பாய்ந்து புதைகிறது. பலகை ஊசலாடும் தூரத்தை ஒரு நாடா காட்டுகிறது. குண்டின் ஆற்றலில் பெரும்பங்கு மரத்தைப் பிளப்பதிலும் வெப்பத்திலும் போய்விடும். அப்படிப் போகாதது உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆக ஊசலுக்குத் தெரிந்ததெல்லாம் உந்தம்தான். மஸ்கட் குண்டு விநாடிக்கு 1,600 அடிக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது என்று ராபின்ஸ் கண்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகச் சோழமண்டலக் கரைக்கு வந்து, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். துப்பாக்கிச் சுடுதலைப் பற்றிப் பேசும் தமிழர்கள் இவரை நினைவுகூர்வதை நான் கேட்டதில்லை.

1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பரும் தோழர்களும் ஐ.பி.எஸ்.சி. என்னும் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் அமைப்பைத் தொடங்கினார்கள். பலமான தோட்டாவைக் கையாள்பவருக்கு மதிப்பெண் கூட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தொடக்ககாலப் போட்டிகளில் ஊசலே திரும்ப வந்தது: ஒப்பீட்டுக்கு வைத்த தோட்டா பலகையைத் தள்ளும் அளவுக்குப் போட்டியாளரின் தோட்டாவும் தள்ள வேண்டும். பின்னர் இரு ஒளித்திரைகளுக்கு இடையே குண்டு கடக்கும் நேரத்தைக் கணிக்கும் குரோனோகிராஃப் அந்த இடத்தைப் பிடித்தது. கருவி மாறியும் கணக்கு மாறவில்லை. கிரெயினில் குண்டின் எடை, விநாடிக்கு அடியில் வேகம். பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். பலம் குறைந்த மைனர் வகைக்கு 125, ஸ்டாண்டர்டு பிரிவில் பலம் கூடிய மேஜர் வகைக்கு 170. 125க்குக் கீழே போனால் மதிப்பெண்ணே கிடையாது.

குண்டைத் தேர்ந்தெடுப்பதன் நுட்பம் இங்கேதான். 9 மி.மீ. தோட்டாவில் 124 கிரெயின் குண்டு 1,010 அடி வேகத்தில் போனால் 125.2, 147 கிரெயின் குண்டுக்கு 855 அடியே போதும், 125.7 வரும். பவர் ஃபேக்டர் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் இலேசான குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 18 விழுக்காடு அதிகம். அந்த வேகத்தைப் பெற மருந்தும் கூடுதலாக வேண்டும். குழல் முனையில் சீறி வெளியேறும் வாயுவும் கையை உதைக்கும்; அந்த உதை பவர் ஃபேக்டர் கணக்கில் ஏறுவதில்லை. அதனால்தான் பலர் கனத்த குண்டை விரும்புகிறார்கள். குழல் முனையில் உதையை அடக்கும் காம்பென்சேட்டர் பூட்டும் ஓப்பன் பிரிவில் கதை தலைகீழ்: அந்தச் சாதனம் வேலை செய்ய வாயு வேண்டும், ஆகவே இலேசான குண்டு. வெப்பநிலையோடு வேகமும் மாறுவதால், விவரம் தெரிந்தவர்கள் 125ஐ உரசிக்கொண்டு நிற்காமல் 130 அளவில் வைத்துக்கொள்வார்கள். இந்தியாவில் தோட்டா நிரப்பும் வேலையும் ஆயுதச் சட்டத்தின் உரிமத்துக்குள் வருவது. நம்மவருக்குத் தேர்வு என்பது பெரும்பாலும் ஆலைத் தோட்டாக்களுக்குள்தான்.

ஒலிம்பிக்கில் பவர் ஃபேக்டர் இல்லை என்பார்கள். பெயர்தான் இல்லை என்பேன். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பின், 2005 முதல், 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் உதை குறைந்த .22 ஷார்ட் தோட்டா விலக்கப்பட்டது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு 2.53 கிராமுக்குக் குறையக்கூடாது, சராசரி வேகம் விநாடிக்கு 250 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி வந்தது. லண்டனில் 2012இல் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். அந்த இரு எண்களையும் கிரெயினாகவும் அடியாகவும் மாற்றிப் பெருக்கினால் பவர் ஃபேக்டர் 32.