கூலியும் கிருபையும்: தமிழ்த் திருச்சபை வரலாறு தரும் பாடம்

மாந்தர் இனம் தோன்றிய நாள்தொட்டு இறைவனை நாடி வந்திருக்கின்றது. நாடிய வழிகள் பல. வேள்வி செய்தோர் உண்டு. நோன்பிருந்து உடலை வருத்தியோர் உண்டு. பொன்னையும் பொருளையும் காணிக்கையாகக் கொட்டியோர் உண்டு. இவ்வழிகள் பலவற்றின் அடியில் ஓர் எண்ணம் உறைந்து கிடக்கின்றது. தகுதி உடையவனுக்கே இறைவன் அருள்வான் என்பதே அவ்வெண்ணம். கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடியாக விளங்கும் கிருபைக் கோட்பாடு இதனை ஏற்பதில்லை. தகுதியற்றவனையும் இறைவன் அன்பு செய்கின்றான். அவ்வன்பை விலை கொடுத்து வாங்க எவராலும் இயலாது. வாங்க வேண்டிய தேவையும் எவர்க்கும் இல்லை என்று அது கூறுகின்றது.

சீர்திருத்தத் திருச்சபையின் வாயிலாக இக்கோட்பாடு தமிழகக் கடற்கரையை அடைந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அஃது இங்கே எவ்வாறு வரவேற்கப்பட்டது, எவ்விடத்தில் தடுக்கப்பட்டது, அத்தடையைத் தாண்டியோர் யாவர் என்பவற்றை நம் சங்கத்து இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இவ்வரலாறு அவர்க்குப் பயன்படும்.

கோட்பாடு வளர்ந்த வரலாறு

திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரன் ஒருவனைப் பற்றி இயேசு பெருமான் கூறிய உவமை மத்தேயு நற்செய்தியில் காணப்படுகின்றது. விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் அவன் ஒரே கூலியைக் கொடுத்தான். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். கூலிக்கு உழைத்து வாழும் குடும்பங்களில் பிறந்த நமக்கு அம்முறுமுறுப்பு நன்கு விளங்கும். ஆனால் மாலை வரை கடைத்தெருவில் நின்றவனுடைய நிலையும் நமக்கு விளங்கும். அவன் சோம்பேறி அல்லன். அவனை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பசி அதே அளவுதான். தோட்டக்காரன் அந்தப் பசியைப் பார்த்தான், மணிக்கணக்கைப் பார்க்கவில்லை.

இவ்வுவமையின் உட்பொருள் பிற்காலத்தில் பெரும் வாதத்திற்கு உள்ளாயிற்று. மனிதன் தன் முயற்சியாலேயே நேர்மையாளன் ஆகலாம் என்று பெலாஜியுஸ் என்பவர் போதித்தார். வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரின் பேராயர் அகுஸ்தீனார் (354–430) அதனை மறுத்து, இறைவனின் கிருபையே முந்தி வருகின்றது என்று எழுதினார். 418ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் பெலாஜியுசின் போதனையைத் தள்ளியது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் (1483–1546) தோன்றினார். துறவியாக இருந்த அவர் நோன்பாலும் கண்விழிப்பாலும் தம்மை வருத்தியும் மன அமைதி பெறவில்லை. பவுல் அடியார் ரோமருக்கு எழுதிய திருமுகத்தை ஆழ்ந்து கற்றபோது, மனிதன் நம்பிக்கையின் வழியாக இலவசமாகவே இறைவனால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றான் என்று தெளிந்தார். பாவமன்னிப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டதை எதிர்த்து 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 95 கருத்துரைகளை அவர் வெளியிட்டார். ஐரோப்பாவின் வரலாறே அதனால் திசை மாறியது.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இறைவன் முன் நோன்பு கணக்கில் வாராது, பொருள் கணக்கில் வாராது, கல்வி கணக்கில் வாராது என்றால், பிறப்பு மட்டும் எவ்வாறு கணக்கில் வரும்? கிருபை உண்மையெனில் குலப்பெருமை பொய்யாகவே இருத்தல் வேண்டும். இம்முடிவிலிருந்து தப்ப வழியே இல்லை. ஆயினும் தப்ப முயன்றோர் பலர்.

தரங்கம்பாடியில் கிருபை

லூத்தர் வழியில் வந்த சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு இளைஞர்கள் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கினால் அனுப்பப்பெற்று, 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். 1707ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களிடம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் யாவர்? டேனியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐவர். விலைக்கு வாங்கப்பட்டோரே விலையில்லாக் கிருபையின் முதற்கனிகள் ஆயினர். சீகன்பால்க் தமிழ் கற்றார், பள்ளிகளை நிறுவினார், பெண்குழந்தைகளுக்கும் கல்வி அளித்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றினார். 1718ஆம் ஆண்டில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது.

ஆனால் ஆலயத்தின் உள்ளே நிகழ்ந்தது என்ன? வேளாளக் கிறிஸ்தவர் ஒரு புறமும் பறையர் கிறிஸ்தவர் மறு புறமுமாக, நடுவே இடைவெளி விட்டு அமர்ந்தனர். போதகபீடத்தில் இலவசக் கிருபை முழங்கியது. தரையிலோ பழைய கோடு அழியாதிருந்தது. அக்கோட்டை அழிக்கும் துணிவு போதகர்களுக்கு இல்லை.

ராஜநாயக்கனின் கதை

அத்துணிவின்மைக்கு விலை கொடுத்தவர்களுள் ஒருவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்து தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர் அவர். தமிழில் அச்சான நற்செய்தியைத் தாமே படித்துத் தெளிந்து சீர்திருத்தச் சபையில் சேர்ந்தார். உபதேசியாராக அமர்ந்து தஞ்சைப் பகுதியில் பலரைச் சபையில் சேர்த்தார். தொல்லைகளுக்கு அஞ்சாது நின்றார்.

1733ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ்ச் சீர்திருத்தப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்த பட்டத்திற்கு ராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டது. அவருடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ எவரும் குறை காணவில்லை. அவர் கையிலிருந்து மேற்குலத்தார் திருவிருந்து வாங்கமாட்டார்களே என்ற அச்சமே குறுக்கே நின்றது. 1741ஆம் ஆண்டில் தியோகு என்பவருக்குப் பட்டம் அளிக்கப்பட்டது. ராஜநாயக்கன் 1771ஆம் ஆண்டில் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

திருவிருந்து என்பது யாது? தகுதியற்றோர்க்காகத் தம்மையே அளித்த கிறிஸ்துவின் நினைவு விருந்து. அந்த அப்பத்தை எடுத்துத் தரும் கை எந்தக் கை என்று பார்த்தவன், கிருபையை மீண்டும் கூலியாக்கிவிட்டான் என்றே கூறவேண்டும். தனக்கு இலவசமாய்க் கிடைத்ததைப் பிறனுக்கு அவன் அளந்து கொடுக்க முற்பட்டான்.

மயிலாடியில் ஒரு விடியல்

அன்று திருவிதாங்கூரைச் சார்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான மயிலாடி வேறொரு வரலாற்றைக் கூறுகின்றது. அவ்வூரில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். வழியில் தஞ்சையில் நற்செய்தியைக் கேட்டு, கோலாஃப் என்னும் போதகரிடம் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தம் சுற்றத்தாரைச் சேர்த்துக்கொண்டார். அவரே அழைத்து, 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் போதகர் மயிலாடிக்கு வந்தார். 1809ஆம் ஆண்டில் அங்கே ஆலயம் எழுந்தது. 1816ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே அவ்விடம் விட்டுச் சென்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார்.

ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது முக்கால் நூற்றாண்டிற்குப் பின் வேதமாணிக்கத்திற்குக் கிடைத்தது. ஒடுக்கப்பட்டோர் கிருபைக்காகக் கைகட்டி நின்றவர்கள் மட்டுமே என்று எண்ணுவது பெரும்பிழை. அதனைத் தேடிச் சென்று, கண்டறிந்து, தம் ஊருக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்களே.

1833ஆம் ஆண்டின் சுற்றறிக்கை

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சாதி வேற்றுமையைச் சபையினர் தயக்கமின்றி உடனே கைவிடவேண்டும் என்று அதில் ஆணையிட்டார். ஆலயத்தில் இருக்கையிலும், திருவிருந்திலும் பிரிவினை கூடாது என்றார். எதிர்ப்பு எழுந்தது. சென்னையிலும் தஞ்சையிலும் மேற்குலத்தார் பலர் சபையை விட்டே விலகினர். தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் கூட 1829ஆம் ஆண்டிலேயே சாதி வழக்கங்களை ஆதரித்து நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவை இனிய தமிழில் பாடிய நாவும் குலத்தின் முன் தயங்கிற்று என்றால், சாதியின் வேர் எத்துணை ஆழமானது என்பதை நாம் உணரலாம்.

அவ்வேர் இன்றும் முற்றாக அறுபடவில்லை. ஒரே சபையார் இருவேறு இடங்களில் புதைக்கப்படும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் உள. சட்டத்தின் நிலையும் எண்ணத்தக்கது. பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் சேர்க்கப்படவில்லை. சாதி இல்லை என்று சட்டம் கூறுகின்றது. சாதி உண்டு என்று கல்லறைச் சுவர் கூறுகின்றது. இரண்டிற்கும் இடையே நம் மக்கள் நிற்கின்றனர்.

இளைஞர்க்கு ஒரு சொல்

இறைவன் அனைவரையும் இலவசமாக ஏற்றுக்கொள்வான் என்றால் முயற்சி எதற்கு, படிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கிருபையைப் போதித்த லூத்தரே 1524ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரங்களின் ஆட்சியாளர்க்கு எழுதி, பள்ளிகளை நிறுவுமாறு வற்புறுத்தினார். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் சோம்பியிரான், அச்சம் நீங்கி உழைப்பான். அன்பைப் பெறுவதற்காகப் படிக்கும் பிள்ளை நடுங்கிக்கொண்டே படிக்கும். அன்பு செய்யப்படுவதை அறிந்த பிள்ளையோ மகிழ்ந்து படிக்கும். ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்வேறுபாட்டை நாள்தோறும் வகுப்பறையில் காண்கின்றோம்.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் மதிப்பை நீங்கள் எவரிடமும் சென்று ஈட்ட வேண்டியதில்லை. தேர்வு மதிப்பெண்ணோ, பதவியோ, பிறர் தரும் சான்றோ அதனை உண்டாக்குவதில்லை. அவை இல்லாமையால் அது குறைவதும் இல்லை. இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்தி, ஊக்கத்துடன் கல்வி கற்பீர்களாக. கற்றபின், மாலை வரை கடைத்தெருவில் எவரும் அழைக்காமல் நிற்கும் நம் தம்பி தங்கையரை மறவாதீர். தகுதி உண்டா என்று அவர்களை வினவாமல், கைப்பிடித்து உள்ளே அழைத்து வாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்து வருவது அத்தொண்டே. இனி அதனைத் தொடர வேண்டியவர்கள் நீங்கள்.