மீண்டும் வந்த விண்ணப்பத்தின் அடையாளம்

ஒரு கோப்பை நீக்கும்படி வலைவழியே வந்த விண்ணப்பத்தைச் சர்வர் நிறைவேற்றிவிட்டுப் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்துபோகிறது. பதிலைக் காணாத கணினி அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பும்போது சர்வர் அதைப் புதியதெனக் கருதுமானால், 'அப்படியொரு கோப்பே இல்லை' என்ற விடை செல்லும். நிறைவேறிய காரியம் தோற்றதாகத் தோன்றும். இதனினும் கொடியது ஒன்றுண்டு: கோப்பின் நீளத்தைச் சுழியாக்கும் விண்ணப்பம், இடையில் புதிதாக எழுதப்பட்ட பின்னர், இரண்டாம் முறை நிறைவேறுமாயின், எழுதியது அத்தனையும் அழிந்துபோகும்.

வலைவழியே கோப்புகளைக் கையாளச் சன் நிறுவனம் 1984இல் வகுத்த என்.எப்.எஸ். முறையில் இவ்வபாயத்துக்குப் பரிகாரமாக அமைந்ததே பதில் கேஷ், அதாவது அண்மையில் அனுப்பிய பதில்களைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதிவேடு. கேஷ் என்றாலே வேகத்துக்கான உபாயம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜூஸ்சாக் 1989இல் வெளியிட்ட கட்டுரை, இது வேகத்தோடு சரித்தன்மையையும் காப்பது என்பதைத் தலைப்பிலேயே சுட்டியது. ஆதலின் இதில் நேரும் பிழையைச் சரித்தன்மையின் பிழையாகவே கொள்ளவேண்டும்.

இரண்டு விண்ணப்பங்கள் ஒன்றே என்று எதைக் கொண்டு நிர்ணயிப்பது? ஒவ்வொரு விண்ணப்பமும் தாங்கிவரும் 32 பிட் எண் மட்டும் போதாது. வேறொரு விண்ணப்பமும் தற்செயலாக அதே எண்ணோடு வரக்கூடும். அப்போது பழைய பதில் புதிய விண்ணப்பத்துக்குச் சென்றுவிடும். இதைத் தடுக்க 2013இல் லினக்ஸ் சர்வர், விண்ணப்பத்தின் முதல் 256 பைட்டுகளிலிருந்து ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு அதையும் ஒப்பிடத் தொடங்கியது.

அந்தப் பரிகாரமே பின்னொரு தோஷத்துக்கு இடமாயிற்று. விண்ணப்பத்தின் முன்பகுதியாகிய ஆர்.பி.சி. (தொலைநிலைச் செயல் அழைப்பு) தலைப்பு ஓர் அஞ்சல் உறை போன்றது, என்.எப்.எஸ். பகுதியே கடிதம். உறையைப் படித்து முடித்த நிலையில் நினைவகச் சுட்டி கடிதத்தின் தொடக்கத்தில் நிற்கும் என்ற அனுமானத்தின்மேல் அந்தக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஆர்.பி.சி. அடுக்கு திருத்தப்பட்டபோது சுட்டி உறையின் தொடக்கத்திலேயே நிற்கலாயிற்று, கணக்கு மாறவில்லை, உறையும் தொகையில் கலந்தது. கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையின் பாதுகாப்பில், மறுமுறை அனுப்பும் விண்ணப்பத்தின் உறையில் வரிசை எண் புதியதாக இருக்கும். திருட்டுத்தனமாகத் திரும்ப அனுப்பப்படும் செய்திகளைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. இவ்வாறு ஒரு காவல் மறுபதிப்பைப் புதியதாக்கிக் காட்ட, மற்றொரு காவல் அதைப் பழையதென அறிய முடியாமற் போயிற்று. எண் பொருந்தியும் தொகை பொருந்தாமையால் சர்வர் காரியத்தை மீண்டும் செய்தது. 2023இல் வந்த திருத்தம், கடிதம் தொடங்கும் இடத்தை வெளிப்படையாகக் குறித்துக்கொண்டு அங்கிருந்தே கணக்கிடச் செய்தது.

என் அபிப்பிராயத்தில் இது வெறும் கவனக்குறைவன்று. இரண்டு அடுக்குகளுக்கிடையே எழுதப்படாதிருந்த ஓர் ஒப்பந்தம் முறிந்ததே மூலகாரணம். தொகையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நம்பலாமே என்போர்க்கு நான் உடன்படேன். செய்யாத காரியத்தைச் செய்ததாகச் சொல்லும் பழைய நிலைக்கே அது நம்மைக் கொண்டுபோகும். 2010இல் வரையறுக்கப்பட்ட என்.எப்.எஸ். 4.1ஆம் பதிப்பு, அமர்வுகளாலும் வரிசை எண்களாலும் இச்சிக்கலை அடியோடு வேறு வகையில் தீர்க்கிறது என்பது மெய்தான். எனினும் மூன்றாம் பதிப்பும் 4.0 பதிப்பும் பதில் கேஷையே நம்பியிருக்கின்றன.

பிழை மறைந்திருந்ததில் வியப்பில்லை. பதில் தொலையவேண்டும், கெர்பரோஸும் இருக்கவேண்டும். இரண்டும் கூடினால்தான் அது தலைகாட்டும். எண் பொருந்தித் தொகை பொருந்தாத நிகழ்ச்சிகளுக்கு லினக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் வேறான விண்ணப்பத்தைச் சரியாக விலக்கியபோதும், ஒன்றேயான விண்ணப்பத்தைத் தவறாக விலக்கியபோதும் அந்தக் கணக்கில் கூடுவது ஒன்றுதான்.