புல்வெளியிலிருந்து ஓடுதளத்துக்கு

தியாகதுருகத்துக்குக் கிழக்கே, சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை திருச்சிச் சாலையைச் சந்திக்கும் உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேய அரசு அமைத்துப் பின்னர் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. ஆடி மாதத்தில் கல்வராயன் மலையைத் தாண்டி வீசும் மேல்காற்றை அறிந்தவர்களுக்கு, இத்தகைய இடத்தில் சிறு விமானத்தைத் தரையிறக்குவது எளிதன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் தரையிறங்கும்போது நேரும் விபத்துகளுக்குக் காற்றை மட்டுமே குற்றஞ்சாட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

விமானத்தின் வரலாறே இப்படியொரு விபத்தோடுதான் தொடங்குகிறது. 1903 டிசம்பர் 17 அன்று, அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்வெளியில், மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய குளிர்காற்றை எதிர்த்து ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தனர். 59 நொடிகளில் 852 அடி கடந்த நான்காம் பறத்தலின் முடிவில் விமானம் தரையில் மோதி, ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் முன்பகுதிச் சட்டம் முறிந்தது. சற்று நேரத்தில், தரையில் நின்றிருந்த அவ்விமானத்தையே ஒரு காற்று வீச்சு புரட்டிப்போட, அதைப் பிடித்து நிறுத்த முயன்ற, அங்கிருந்தவர்களில் ஒருவரான ஜான் டேனியல்ஸ் உள்ளே சிக்கிக் காயமடைந்தார். அவ்விமானம் பிறகு பறக்கவேயில்லை.

காற்றின் பங்கை முதலில் பார்ப்போம். இறக்கையின் தூக்குவிசை காற்றோட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், எதிர்க்காற்றில் 60 நாட் வேகத்தில் (நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) இறங்கும் விமானத்துக்குக் காற்று திடீரெனத் தணிந்து 10 நாட் குறைந்தால், தூக்குவிசையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அந்நொடியே போய்விடும். இதனால்தான், வீச்சுக்காற்றில் இறங்கும் விமானி வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் வேகம் வைத்துக்கொள்கிறார்.

தளத்தின் அமைப்புக்கும் இதில் பங்குண்டு. தொடக்ககால விமானத்தளங்கள் பலவும் பரந்த புல்வெளிகளாகவே இருந்தமையால், காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் விமானி அதற்கு நேரெதிராக இறங்க முடிந்தது. எடைமிக்க விமானங்களுக்காகக் கெட்டித்தளம் போடப்பட்டபோது இறங்கும் திசை ஒரே கோட்டில் நிலைத்துவிட, அக்கோட்டுக்குப் பக்கவாட்டில் வீசும் குறுக்குக்காற்று அன்றாடச் சிக்கலாயிற்று. போர்க்காலப் பிரிட்டனில் மூன்று ஓடுதளங்களை ஒன்றையொன்று வெட்டுமாறு அமைத்ததற்குக் காரணம் இதுவே. எல்லா ஊருக்கும் அவ்வளவு செலவிட யாரால் முடியும்?

வாலில் ஊன்றுகோலோ சிறு சக்கரமோ கொண்ட பழைய விமானங்களுக்குக் குறுக்குக்காற்று கூடுதல் ஆபத்தாக இருந்தது. இந்தியப் பறத்தல் கழகங்கள் பயிற்சிக்கு நெடுங்காலம் பயன்படுத்திய டைகர் மாத் இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றின் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதால், தரையைத் தொட்டபின் குறுக்குக்காற்று வாலைச் சிறிது தள்ளினாலும் அத்திருப்பம் தானே வளர்ந்து, விமானம் தன்னைச் சுற்றிக்கொண்டு இறக்கை நுனி தரையில் உரசும். மூக்குச் சக்கரம் கொண்ட செஸ்னா 172 போன்றவற்றில் எடை மையம் முன்னே இருப்பதால் அவை தாமாக நேராகின்றன. எனினும் வரம்பற்ற பாதுகாப்பு அவற்றுக்கும் இல்லை.

வெவ்வேறு திசைகளில் இரு ஓடுதளங்கள் கொண்ட சென்னையில்கூட, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின் காற்றில் தரையிறங்க முயன்ற பெரிய பயணியர் விமானம் ஒன்று ஓடுதளத்தை நெருங்கித் தள்ளாடியது. விமானிகள் தரையிறக்கத்தைக் கைவிட்டு அதை மீண்டும் மேலே கொண்டுசென்றனர்.