சம்பளச் சீட்டில் ஒரு வரி

நம் சங்கத்து அன்பர்களுள் மாதச் சம்பளம் பெறுவோர் தத்தம் சம்பளச் சீட்டில் ஒரு சிறு பிடித்தத்தைக் கண்டிருப்பார்கள். தொழில் வரி என்பது அதன் பெயர். மகாராஷ்டிரத்தில் பணிபுரியும் நம்மிற் பலருக்கு மாதந்தோறும் 200 ரூபாய். பிப்ரவரியில் மட்டும் 300. வருமான வரியைப் பற்றி இல்லந்தோறும் எழும் புலம்பலில் நூற்றில் ஒரு பங்கேனும் இதற்கு வாய்ப்பதில்லை. இத்தொகை முதன்முதலில் எதன்பொருட்டு விதிக்கப்பட்டது என்று வினவினால், முப்பதாண்டுகள் இங்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் விடை கூறத் தயங்குகிறார்கள். நாமும் அண்மைக் காலம்வரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம்.

கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் ஊர் செல்லும் இருப்புப் பாதையைச் சற்றே நினைவுகூர வேண்டுகிறோம். புனேயைக் கடந்து தவுண்டு, குர்துவாடி, சோலாப்பூர் என்று வண்டி ஓடுகிறது. சகியாத்திரி மலை மேற்கிலேயே மழையை வாங்கிக்கொண்டு விடுவதால், அதன் நிழலில் கிடக்கும் இப்பிரதேசத்தின் உழவு பெரும்பாலும் வானம் பார்த்ததே. மழை பெய்தால் விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் உண்டு; பொய்த்தால் ஒன்றும் இல்லை. பீட் மாவட்டத்துக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டச் சர்க்கரை ஆலைகள் உள்ள மேற்குப் பக்கம் புறப்பட்டுவிடும். கரும்பு வெட்டும் அரிவாளுக்கு மராத்தியில் கொய்தா என்று பெயர். கொய்தல் என்னும் நம் வினைச்சொல்லோடு இதற்கு உறவுண்டா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லோர்க்கு விட்டுவிடுவோம். கணவனும் மனைவியும் சேர்ந்ததே ஒரு கொய்தா என்பது அங்குள்ள கணக்கு. கூலியும் இருவருக்கும் சேர்த்து டன் கணக்கில்தான். புறப்படுமுன்னரே முகாதம் எனப்படும் மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பான். அது தீரும்வரை வெட்ட வேண்டும். ஊரிலேயே தங்கியவர்க்கோ, ஒரு வேலைக்குப் பத்துக் கைகள் காத்திருக்கையில், நிலக்காரர் சொன்னதே கூலி.

பஞ்சம் வந்தால் சர்க்கார் வேலை கொடுப்பது பழைய வழக்கமே. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்சத்து நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. ஆனால் கூலி எவ்வளவு? நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் மேற்செலவுக்குச் சில காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் அளந்து வைத்தார். கூலி தாழ்வாக இருந்தாலொழிய, மெய்யாகப் பசித்தவர் யார் என்று கண்டறிய இயலாது என்பது அன்றைய ஆட்சியாளரின் தருக்கம். பம்பாய் ராஜதானியின் தக்காண மாவட்டங்களிலும் அதே படி வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் சார்பில் நின்று வாதாடியது.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1970 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து இந்நாட்டில் மழை பொய்த்தது. 1973 மே மாதத்தில் நிவாரண வேலைக்களங்களில் இருந்தோர் தொகை ஏறக்குறைய 50 லட்சம். அந்தக் கோடையில் ஊர் சென்ற நம் அன்பர்களுள் சிலர், பாதையோரத்தில் ஆணும் பெண்ணும் வெயிலில் அமர்ந்து கல்லுடைத்த காட்சியை வண்டிச் சன்னலிலிருந்து கண்டதாக இன்றும் கூறுவர்.

அந்த நெருக்கடியில்தான் ஒரு பழைய யோசனைக்கு உயிர் வந்தது. சாங்கலி மாவட்டத்து விசாப்பூரைச் சேர்ந்தவரும் மாநிலச் சட்ட மேலவையின் தலைவருமாகிய வி. ச. பாகே என்பார், வேலை கேட்டவர்க்கு வேலை தருவது அரசின் கடன் என்று அறுபதுகளிலிருந்தே வற்புறுத்தி வந்தார். தம் ஊர்ப்புறத்தில் 1965-இல் அதைச் சிறு அளவில் சோதித்தும் பார்த்தார். முதலமைச்சர் வசந்தராவ் நாயக் காலத்தில், 1972-இல், அது மாநிலத் திட்டமாயிற்று. 1977-இல் நிறைவேறிய சட்டம் 1979 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய கிராமத்தவர் எவரும் வேலை கேட்கலாம். பதினைந்து நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாயேனும் படி தர வேண்டும். டெம்பிள் துரை பிச்சையாக அளந்தது இப்போது உரிமையாயிற்று.

பணத்திற்கு வழி? நகரத்தில் சம்பளம் வாங்குவோர் தரட்டும் என்று முடிவாயிற்று. 1975 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொழில் வரி அதுவே. அரசியல் சட்டப்படி அன்று ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் இவ்வரியை வாங்க இயலாது. 1988-இல் உச்சவரம்பு 2,500 ஆயிற்று. விற்பனை வரி, வாகன வரி முதலியவற்றின் மேல் விதித்த கூடுதலும் இதனோடு சேர, திரண்ட தொகைக்கு ஈடாக அரசும் பணம் இட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோப்பு எழுதிய நம் தந்தையர், தாமறியாமலே சோலாப்பூர்க் கரையில் மண் சுமந்த ஒருத்திக்குக் கூலி கொடுத்து வந்திருக்கிறார்கள்.

கூலி அளக்கப்பட்ட முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாட்கூலி அன்று, வெட்டிய மண்ணின் கன அளவுக்குத் தக்க கூலி. மண்ணின் கடினம், சுமந்த தூரம், ஏற்றிய உயரம் ஆகியவற்றால் விகிதம் மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். வயல்வேலையில் பெண்ணுக்கு எப்போதும் குறைத்தே கொடுத்துப் பழகிய சீமையில் இது சிறு செய்தியன்று. பெண்கள் திரளாக வந்தமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் எண்ணம். மற்றொரு பயன் கண்ணுக்குத் தெரியாதது. சர்க்கார் களம் பக்கத்தில் திறந்திருக்கும்வரை, அதற்குக் கீழான கூலிக்கு நிலக்காரர் ஆள் தேடுவது அரிதாயிற்று.

எனினும் 1988-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. விவசாயக் கூலியின் சட்டப்படியான கீழ்வரம்பு ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தப்பட, திட்டத்தின் கூலியும் உடன் ஏறியது. ஏழைகள் மகிழ்ந்தனர், ஆனால் களங்களில் தலைகள் குறைந்தன. ரவாலியன் முதலிய பொருளாதார அறிஞர் மூவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கூலி உயர்ந்த பின்னர் கேட்டவர்க்கெல்லாம் வேலை கிட்டவில்லை, வேலையே பங்கீட்டுப் பொருளாகிவிட்டது என்று காட்டினார்கள். உயர்ந்த கூலியே குற்றம் என்று வாதிடுவோர் உளர். அதை நாம் ஏற்பதற்கில்லை. பிற்காலத்தில் திட்டத்தின் பெயரால் வசூலான வரி முழுவதும் செலவாகாமல் மிஞ்சியே நின்றது. பணம் இருந்தும் புதிய களம் திறக்கப்படாவிட்டால், பழியைக் கூலியின்மேல் சுமத்துவது எங்ஙனம்? வேலையில்லாப் படியும் ஏட்டில் இருந்ததேயன்றிப் பெற்றவர் அரியர். உறுதி என்பதற்கு மராத்தியில் ஹமி என்பர்; நாங்கள் என்பதற்கு ஆம்ஹி. இவ்விரண்டையும் பிணைத்து, பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்று கிராமத்தார் இத்திட்டத்தைக் கேலி செய்ததும் உண்டு.

இவ்வளவு குறையோடும் 2005-இல் நாடாளுமன்றம் கிராமக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 100 நாள் வேலை என்று சட்டம் இயற்றியபோது, அதற்கு முன்மாதிரியாக நின்றது இந்த மகாராஷ்டிரச் சட்டமே.

குர்துவாடிக்கு அப்பால், பாதைக்குத் தெற்கிலும் வடக்கிலும், கருவேலம் முளைத்த தாழ்ந்த மண்கரைகள் ஆங்காங்கே தென்படும். மழைநீரைத் தேக்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குக் கசியவிடும் குட்டைகள் அவை. அவற்றுட் பல அக்காலத்துக் கூலியாட்கள் கூடை கூடையாகச் சுமந்து எழுப்பியவை. வண்டி வேகத்தில் அரை நிமிடத்தில் மறைந்துவிடும். குழந்தைகளுக்குக் காட்ட விரும்புவோர் சன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.