கற்பலகை முதல் கைப்பேசி வரை: தமிழ் வகுப்பறையில் கருவிகளின் வரலாறு



மாணவர்களை ஈர்ப்பதற்கு வகுப்பறையில் எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளுக்குள் கருவிகள் நுழைந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தாலே அதற்கு ஓரளவு விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து. கருவி எது என்பதைவிட, அதன்முன் மாணவன் என்ன செய்தான் என்பதைக் கவனித்து வாருங்கள்.

கை எழுதிய காலம்

மலேசியாவில் தமிழ்க்கல்வி 1816-ஆம் ஆண்டில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பின்னர் இரப்பர்த் தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தன. மணலும் கற்பலகையும் கரும்பலகையுமே அன்றைய கருவிகள். அவை எளியவைதாம், ஆயினும், குழந்தை தன் விரலாலேயே எழுத்தை உருவாக்கியது. எழுதி, அழித்து, மீண்டும் எழுதியது.

கண் பார்த்த காலம்

1972-ஆம் ஆண்டு சூன் திங்களில் கல்வித் தொலைக்காட்சி தொடக்கம் கண்டது. தொலைவிலிருந்த பள்ளிகளுக்கும் நல்ல பாடங்களைக் கொண்டுசேர்க்கும் உயரிய நோக்கம் அதற்கு இருந்தது. ஆனால், ஒளிபரப்பு தன் நேரத்தில் வரும். பாடவேளை அதற்காகக் காத்திராது. ஐயம் எழுந்தால் நிறுத்திக் கேட்கவும் இயலாது. மாணவன் பார்வையாளன் ஆனான்.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளை வந்தடைந்தன. அக்கொள்கை மீட்டுக்கொள்ளப்படும் என 2009-இல் அறிவிக்கப்பட்டது. கருவிகளோ வகுப்பறையில் நிலைத்துவிட்டன. திரையில் வண்ணப்படம் அசைந்ததும் பிள்ளைகள் ஆரவாரித்ததை நான் கண்டிருக்கிறேன். சில வாரங்களில் அந்த ஆரவாரம் அடங்கியதையும் கண்டிருக்கிறேன். விசையைத் தட்டியவர் ஆசிரியர். பிள்ளைகள் மீண்டும் பார்வையாளர்களே! அதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. கணினி பேசும் மொழி ஆங்கிலம், தமிழ் புத்தகத்தோடு நின்றுவிடும் மொழி என்ற எண்ணம் பிஞ்சு மனங்களில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

கணினி தமிழ் கற்ற காலம்

அந்த எண்ணத்தை மாற்றும் பணி வேறோர் இடத்தில் முன்னரே தொடங்கியிருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் தமிழையும் இடம்பெறச் செய்தார். முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் கூடியதற்கும் அவரே முன்னோடி. தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த ஒருவர் இணையத் தமிழுக்கும் வழிவகுத்தார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தி.

அக்காலத்தில் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பயிற்சித்தாள், வேறு கணினியில் புரியாத குறிகளாகச் சிதறிவிடும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. யூனிகோடு முறை பரவியபின் எழுத்துச் சிதறலும் மறைந்தது. 2005-இல் கைப்பேசிக்கெனச் செல்லினம் வெளிவந்தது.

தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' தோன்றும். கரும்பலகையில் நாம் பன்முறை விளக்கும் உயிர்மெய்யின் பிறப்பு, மாணவனின் விரல்நுனியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. என் வகுப்பில் எழுதத் தயங்கும் பிள்ளைகளும், தம் பெயரைத் தாமே தமிழில் தட்டித் திரையில் கண்டபோது அடுத்த சொல்லைக் கேட்டு வந்தனர். கற்பலகையில் எழுதிய அந்தக் கை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பெருந்தொற்று கற்பித்தது

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வகுப்பறை வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்த இல்லங்கள் பல. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி தொடங்கப்பட்டதும் தொலைக்காட்சிப் பாடம் மீண்டும் முன்னுக்கு வந்தது. இணையம் எட்டாத வீட்டுக்கு அது துணையாகும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அந்நாள்களில் என் மாணவர்களைத் தமிழோடு பிணைத்து வைத்தவை, அவர்களே குரல்பதிவு செய்து அனுப்பிய கதைகளும் தட்டச்சு செய்து அனுப்பிய நான்கு வரிகளுமே.

ஆகவே, அன்பு ஆசிரியர்களே! புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் வரும்போது, இதைக் கொண்டு என் மாணவன் தமிழில் எதைப் படைப்பான் என்று கேளுங்கள். விடை கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். விடை இல்லையேல், வெண்கட்டியை மாணவன் கையில் கொடுத்துக் கரும்பலகைக்கு அழையுங்கள். அதுவும் கருவிதான்.